உஷார்! கேமரன் மலையில் புதுச் சமையற்கட்டு போடுகிறீர்களா?

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் புது கிச்சனுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களே, கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முன்பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் மிகவும் நல்லது. உங்களிடம் காட்டப்பட்ட படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று கேபினெட், அடுப்புக்குக் கீழேயே கேஸ் சிலிண்டருக்கு ஒரு கதவு, தலைக்கு மேலே கூரை முட்டும்வரை அடுக்கு. அது சமவெளி வீட்டுக்காக வரைந்த படம். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சமையற்கட்டு ஜன்னல் நாள் முழுவதும் திறந்து கிடக்கும். இங்கே மாலையில் பனி இறங்கியதும் முதலில் சாத்துவது அந்த ஜன்னலைத்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்து போடுகிற கிச்சன் பலகையை அழுக வைக்கும், சாமானைக் கெடுக்கும், ஒரு கெட்ட நாளில் ஆளையும் கொல்லும்.

தீபாவளிக்குள் முடித்துக் கொடுங்கள் என்று எல்லோரும் கேட்பதால் அவசரம் வேறு சேர்ந்துகொள்கிறது. அக்டோபரும் நவம்பரும்தான் இந்த மலையில் மழை அதிகம் கொட்டும் மாதங்கள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கும் குளிர், எந்நேரமும் ஈரம் சுமந்த காற்று. அந்த மாதங்களில் ஈரச் சுவரில் பலகையை அறைந்து, இடைவெளிகளை சிலிக்கனால் அடைத்துவிட்டு, ஆள் தாப்பா வழியாக மலையிறங்கிவிடுவார். பொங்கல் வருவதற்குள் கதவு உப்பி, மூட மாட்டேன் என்று நிற்கும்.

முதலில் கேஸைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் பணம், இது உயிர்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாது. தரையோடு தரையாகப் படிந்து, தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றப் போதும். அடிக் கேபினெட்டுக்குள் சிலிண்டரை வைத்து இறுக்கமான கதவைச் சாத்தினால், அந்தப் பெட்டி முழுவதும் கசிந்த கேஸைப் பிடித்து வைக்கும் தொட்டி ஆகிவிடுகிறது. கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகத்தான் நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலந்து விற்கிறார்கள். அந்த நாற்றம் பெட்டிக்குள்ளேயே அடைபட்டால் மூக்குக்கு வந்து சேர நேரமாகும். அதற்குள் யாராவது சுவிட்சைத் தட்டினால்? பல வீடுகளில் அதே பெட்டிக்குள் ஓவனுக்கென்று ஒரு பிளக் பாயிண்டும் வைத்துக் கொடுக்கிறார்கள். சிலிண்டரும் மின்பொறியும் ஒரே கூண்டில் இருக்கின்றன. “எல்லா வீட்லயும் இப்படித்தான் போடுறோம் அக்கா, ஒண்ணும் ஆகாது” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சிலிண்டரின் இடம் வீட்டுக்கு வெளியே. பின்வாசலில் வெயில் நேராக விழாத இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை, நிமிர்ந்து நிற்கச் சங்கிலி, காற்றோடும் கம்பிக்கூண்டு. சுவரைத் துளைத்து ரப்பர் குழாயை உள்ளே இழுக்க விடாதீர்கள். சுவருக்குள் மறைந்த குழாயை எலி கடித்தால் உங்களுக்குத் தெரியவே வராது. சுவரைத் தாண்டும் பகுதிக்கு உலோகக் குழாய்தான் வேண்டும், அதையும் கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் பொருத்தவேண்டும். வெளியே வைக்க வழியே இல்லாத அடுக்குமாடி வீடா? அப்படியானால் கதவில்லாத திறந்த இடத்தில் வையுங்கள். கதவு கட்டாயம் வேண்டும் என்றால் அதன் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, பெரிய காற்றுத் துளைகள் இருக்கட்டும். மேலே மட்டும் துளை போட்டு ஒரு பயனும் இல்லை, கேஸ் தேங்குவது கீழே. ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டரைத் தாண்டாமல், சிரிம் தரமுத்திரையோடு, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றத்தக்கதாக, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஓடவேண்டும். ரெகுலேட்டரை முழங்காலிடாமல் ஒரே கையால் திருப்பி மூட முடியவேண்டும். கேபினெட் வரைபடத்தில் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தாலே போதும், வரைந்தவர் சமைத்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

குளிரால் வரும் இன்னொரு ஆபத்து உண்டு. சிலிண்டர் தீரப்போகும் சமயத்தில், குளிர்ந்த காலையில், கேஸின் அழுத்தம் குறைந்து சுடர் சோர்ந்துவிடும். உடனே சிலர் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள். சிலர் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் புகுந்துவிடும், அது அடுப்புக்கு வந்தால் சுடர் ஆளுயரம் எழும்பும். இதைச் செய்யவே செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் பாட்டிகளுக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். இரண்டாவது சிலிண்டருக்கும் வெளிக்கூண்டிலேயே இடம் விட்டுவிட்டால் இந்த ஆசையே வராது.

பெர்த்தாம் வேலிக் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சேற்று வெள்ளமாக உங்கள் வீடுகளுக்குள் புகுந்தது, உயிர்கள் போயின. அதை நேரில் கண்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய வீடு என்றால் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டியே ஆகவேண்டும், ஏனென்றால் கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். குழாயைப் பிய்த்துக்கொண்டு மிதந்து போகும். பிளக் பாயிண்ட் எல்லாம் மேடை மட்டத்துக்கு மேலே. கீழ் அடுக்கில் மரத்தூள் பலகை ஒரு துண்டுகூட வேண்டாம்.

எரிந்த கேஸும் சும்மா போவதில்லை. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பும் கடலையும் வேக நேரம் பிடிக்கிறது, அடுப்பு கூடுதலாக எரிகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். 14 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் இருபது லிட்டருக்கு மேலான தண்ணீரை உங்கள் சமையற்கட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. இட்லிப் பானையின் ஆவியும் சோற்றுக் கஞ்சியின் ஆவியும் தனி. ஜன்னல் சாத்தியிருந்தால் அத்தனையும் குளிர்ந்த சுவரில் வேர்த்து, கேபினெட்டின் முதுகில் வடியும். மூடிய அறையில் பிராணவாயு குறையக் குறைய கேஸ் சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, புகை மாதிரி கண்ணைக் கரிக்காது. தலைவலி, குமட்டல், அசதி என்று வரும், குளிருக்கு இப்படித்தான் இருக்கும் என்று படுத்துவிடுவோம். கரியடுப்பை உள்ளே கொண்டுவருவது இன்னும் கொடுமை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிருக்குப் பயந்து மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கி, காலையில் எழாதவர்களின் செய்தி அடிக்கடி வந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கேயும் குளிர்தான்.

ஆகவே அடுப்புக்கு மேலே மாட்டும், புகை உறிஞ்சும் ஹூட் வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் காற்று வீட்டுக்கு வெளியே போகிறதா? மலிவான ஹூடுகள் பல காற்றை உறிஞ்சி, கரி வடிகட்டி வழியாக மறுபடியும் அறைக்குள்ளேயே விடுகின்றன. எண்ணெய் நாற்றம் கொஞ்சம் குறையும். ஆவியும் குறையாது, கார்பன் மோனாக்சைடும் குறையாது. குழாய் போட்டு வெளிச்சுவர் வழியே தள்ளும் ஹூட்தான் இந்த மலைக்கு ஏற்றது. வெளிவாயில் தானாக மூடிக்கொள்ளும் தகடு வைத்தால் குளிர்காற்று திரும்பி வராது. ஹூடுக்குப் பணம் இல்லை என்றால், அடுப்புக்கு மேலே சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி, தரையை ஒட்டி எதிர்ச்சுவரில் ஒரு காற்றுத் துளை. இதற்கு ஆகும் செலவு ஒரு மேல் அலமாரியின் விலையில் சிறு பங்குதான். அலமாரியைக் குறையுங்கள், விசிறியைக் குறைக்காதீர்கள்.

பழைய தோட்ட லயங்களில் சமையற்கட்டு வீட்டின் பின்புறம் ஒதுங்கியிருக்கும், புகை கூரை இடுக்கு வழியாகத் தானே போய்விடும். அடுப்புக்கு மேலே பரண், பரணில் விறகும் கருவாடும் மிளகாயும், எல்லாம் சூட்டில் காய்ந்தபடி இருக்கும். கண் எரிச்சலும் இருமலும் அதில் இருந்தன, அந்த விறகுப் புகைக்குத் திரும்பச் சொல்லமாட்டேன். ஆனால் சாமான்களைச் சுற்றிக் காற்று ஓடியது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் 1933-இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டமும் இன்றும் நிற்கின்றன. அங்கே வாழ்ந்த நம் முன்னோர், பெட்டிபோல மூடிய அலமாரி இல்லாமலே இந்த ஈரத்தில் அரிசியையும் பருப்பையும் காப்பாற்றினார்கள். காற்றை அடைத்துப் பெட்டி போடும் வழக்கம் நேற்று வந்தது.

இப்போது பலகை. கொட்டேஷனில் ‘மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மரமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மரத்தூளைப் பசைபோட்டு அழுத்திய சிப்போர்டு, மேலே மெலமின் தாள். மேற்பரப்பு தண்ணீருக்குத் தாங்கும். ஓரம் தாங்காது. கீல் திருகிய துளை, சிங்க் வெட்டிய விளிம்பு, குழாய் நுழையும் ஓட்டை, இவை எல்லாம் திறந்த புண்கள். அங்கே ஈரம் நுழைந்தால் பலகை உப்பும், திருகு பிடிப்பு விடும், கதவு தொங்கும். கடைக்காரரிடம் வெட்டி மீந்த துண்டு ஒன்று வாங்கி, ஓர் இரவு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அதன் தடிமனை அளந்து பாருங்கள். கொடுக்கமாட்டேன் என்பவரிடம் வேலையும் கொடுக்காதீர்கள்.

நல்ல ஈரம் தாங்கும் பிளைவுட் பரவாயில்லை. இந்த மலையில் என் ஓட்டு அலுமினியச் சட்டத்துக்குத்தான். அழுகாது, கறையான் தின்னாது. ஆனால் அதிலும் ஒரு சூது இருக்கிறது. அலுமினியச் சட்டம் உள்ளே குழலாக இருக்கும். முனைகளை மூடாமல் விட்டால் கரப்பான் பூச்சிக்கும் எறும்புக்கும் வீடு முழுக்க ஓட ஒரு சுரங்கப்பாதை கிடைத்துவிடும். ஒவ்வொரு முனையிலும் மூடி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள்.

எந்தப் பொருளானாலும் முதுகுப் பலகை சுவரை ஒட்டக் கூடாது. நாலைந்து செ.மீ. இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று நுழைய வழி வேண்டும். கீழே பத்து செ.மீ. உயர பிளாஸ்டிக் கால், முன்னால் கழற்றி மாட்டும் பலகை. அந்தப் பலகையை ஒட்டிவிட்டால் உள்ளே எலி குட்டிபோட்டாலும் தெரியாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் இந்த நாட்டில் 2010 முதல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். சிங்கின் கழிவுக் குழாய் சுவரில் நுழையும் ஓட்டையை இரும்புப் பஞ்சு திணித்துச் சிமெண்ட் பூசி அடையுங்கள். சிலிக்கனை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் சமையற்கட்டின் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். அங்கே கேபினெட் அடிக்குமுன் ஒரு பரிசோதனை. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவரே கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பலகை போட்டாலும் வீண். அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

மரத்தூள் பலகைப் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. புதுக் கேபினெட் திறந்ததும் கண் எரிகிறதே, அது ‘புது வாசம்’ என்று சிரிக்கிற விஷயமில்லை. அது குறைவாக வெளிவரும் ஈ1 அல்லது ஈ0 தரம் என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். பொருத்திய முதல் வாரங்களில் கதவுகளைத் திறந்தே வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இரட்டிப்புக் கவனம்.

அடுத்ததை எழுதும்போது எனக்குப் பதறுகிறது. இது தோட்டமும் காய்கறிக் கொல்லையும் சூழ்ந்த மலை. வீட்டுக்கு வீடு பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கொஞ்சம் இருக்கும். புதுக் கிச்சன் வந்ததும் சிங்குக்குக் கீழே பெரிய இடம் கிடைக்கிறது, மீந்த மருந்து அங்கே போய்விடுகிறது. அதுவும் சில வீடுகளில் பழைய பானப் புட்டியில். பாராகுவாட் களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. விழுங்கிவிட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பழைய இருப்பு எந்த மூலையிலாவது கிடந்தால் இன்றே வேளாண்மை இலாகாவிடம் கேட்டு முறைப்படி ஒழியுங்கள். அதைத் தண்ணீரில் கொட்டக் கூடாது, பெர்த்தாம் ஆற்று நீரை நம்பி மனிதர்கள் வாழ்கிறார்கள். தடையில்லாத மருந்தானாலும் சமையற்கட்டுக்குள் வரவே கூடாது. வெளியே பூட்டிய பெட்டி, அசல் புட்டி, அசல் சீட்டு. மருந்தடித்த உடுப்பையும் கையுறையையும் கழுவ வெளியிலேயே தனித் தொட்டி போடுங்கள். காய் கழுவும் சிங்கில் அதைக் கழுவினால் எத்தனை ஆயிரம் வெள்ளிக் கிச்சன் போட்டும் என்ன பயன்?

மேல் அலமாரிக்கு வருகிறேன். ஒரு மீட்டர் அகலப் பெட்டியில் பீங்கான் தட்டும் எவர்சில்வர் குண்டானும் பருப்பு டின்னும் ஏறினால் ஐம்பது, அறுபது கிலோ சாதாரணமாக வந்துவிடும். பலகைச் சுவரும் ஜிப்சம் தடுப்பும் அதைத் தாங்காது. செங்கல் சுவரிலும் பூச்சு மட்டும் பிடித்த பிளக்குக்கு ஆயுள் கம்மி. சுவர் என்ன சுவர் என்று தட்டிப் பார்க்காமல் விலை சொன்னவர் உங்கள் தலைக்கு மேலே என்ன தொங்கப்போகிறது என்று யோசிக்காதவர். கனமானதெல்லாம் கீழே இருக்கட்டும். மேலே எண்ணெய், உப்பு, தேயிலை, தினம் எடுக்கும் லேசான டப்பாக்கள், அவ்வளவுதான்.

கொழுந்து எடுத்து, கூடை சுமந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வந்த உடம்புக்குத்தான் இந்தச் சமையற்கட்டு. முழங்கால் வலியோடு குனிந்து அடி அலமாரியின் ஆழத்தில் கைவிட்டுத் துழாவ வைப்பது கொடுமை. கீழே கதவுகளைக் குறைத்து, இழுப்பறைகளைக் கூட்டுங்கள். முழுதாக வெளியே வரும் தண்டவாளம், துருப்பிடிக்காத எஃகு. மேடையின் உயரத்தைக் கடைக்காரரின் அளவுக்கு விடாதீர்கள். சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையிலிருந்து பத்துப் பதினைந்து செ.மீ. கீழே கோடு போடுங்கள். மாவு பிசையவும் தேங்காய் துருவவும் அதைவிடத் தாழ்ந்த ஒரு பகுதி இருந்தால் தோள்பட்டை வாழ்த்தும்.

1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சின்னச் சமையலறை வரைந்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அரிசிக்கும் சர்க்கரைக்கும் கைப்பிடியும் வாயும் வைத்த சிறு அலுமினியப் பெட்டிகள், மாவுக்குப் பூச்சி அண்டாத ஓக் மர இழுப்பறை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எத்தனை முறை எடுக்கிறார் என்று கணக்குப் பார்த்து வரைந்தது அது. உங்கள் கிச்சனுக்கும் கணக்கு அப்படித்தான் தொடங்கவேண்டும். கிரைண்டருக்கு எங்கே இடம்? தூக்கி வைக்காமல் இருந்த இடத்திலேயே ஓடவேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும். இட்லிப் பானை, முறுக்கு உரல், கோயில் திருவிழாவுக்கும் காரியத்துக்கும் எடுக்கும் பெரிய அண்டா, வாழையிலைக் கட்டு, பத்துக் கிலோ அரிசி மூட்டை, இவற்றுக்கெல்லாம் இடம் குறித்த வரைபடத்தை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். ஒயின் புட்டி தாங்கி மட்டும் தவறாமல் இருக்கிறது.

சாமான் வைப்பதிலும் மலைக்கு மலைக் கணக்கு. அப்பளம் நமத்துப்போகும், உப்பு கசியும், மிளகாய்த்தூள் கட்டிபிடித்துப் பச்சை பூக்கும். மசாலாவைக் கிலோக்கணக்கில் அரைத்து வைக்காதீர்கள். இறுக்க மூடும் மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் எந்தக் கண்ணாடி அலமாரியையும்விட இங்கே மேல். வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூடிய இழுப்பறைக்குள் போகக் கூடாது. தனித்தனிக் கம்பிக் கூடையில், இருட்டாக, காற்றோட்டமாக இருக்கட்டும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைக் கழுவி வறுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. 1988 அக்டோபரில் பக்கத்துப் பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தார்கள், மருத்துவ ஆய்வேடுகள் அந்த நஞ்சைத்தான் காரணமாகப் பதிந்தன. அது கடையில் வாங்கிய உணவால் வந்தது. ஆனால் பூஞ்சை என்றால் துடைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்கிற அலட்சியத்துக்கு அந்தச் சாவுகள் போதுமான பதில்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது 3,000 வாட் அளவுக்குத்தான். கெட்டில் மட்டுமே 2,000 வாட்டைத் தொடும். ஓவனையும் ரைஸ் குக்கரையும் அதே நீட்டிப்பெட்டியில் சேர்த்தால் கம்பி உருகும். மேடையில் தனித்தனியாக நாலைந்து பிளக், சிங்கிலிருந்து தள்ளி. மின்கசிவைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். கேபினெட் அடிப்பவரே வயரிங்கும் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். இதில் ஏமாந்தவர்களின் முகம் எனக்கு மறக்காது.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களே, அந்தச் சுவர் உங்களுடையதில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாளில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும். சுவரோடு அறைந்த கேபினெட் உங்களோடு வராது. பெயர்த்தாலும் புது வீட்டு அளவுக்குப் பொருந்தாது. ஆகவே தோட்ட வீட்டில் கழற்றி எடுத்துப் போகக்கூடிய தனி அலமாரி, எஃகு மேடை, சக்கரம் வைத்த அடுக்கு, இவ்வளவுதான். கூரை ஒழுகினாலோ, புகை போக வழியில்லை என்றாலோ உங்கள் காசைப் போடுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பின் அடிப்படைத் தரத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. சுவரைத் துளைக்கவும் அனுமதி கேளுங்கள், அதுவும் எழுத்தில்.

சொந்த வீடு வாங்கிக் குடிபோகிறவர்களுக்கு வேறு கண்ணி. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழுகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடிகிறது என்பதாலேயே முன்பணத்துக்கு அதைத் துடைத்து எடுக்கிறார்கள். “இன்னிக்குக் கட்டினா தள்ளுபடி, நாளைக்கு இல்ல ஆன்ட்டி” என்ற பேச்சு எந்தக் கடையில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பாதிப் பணம் முன்னால் கேட்பவருக்குப் பாதிப் பணம் கொடுக்காதீர்கள். பத்து, இருபது விழுக்காடு போதும். பொருள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஒரு பகுதி, பொருத்தி முடித்ததும் ஒரு பகுதி, ஒரு மாத மழையைப் பார்த்த பிறகு கடைசிப் பத்து விழுக்காடு. கம்பெனியின் பெயர் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டேஷனில் பலகையின் வகை, தடிமன், முதுகுப் பலகை, கீல், கால், வேலை முடியும் தேதி எல்லாம் எழுத்தில் வேண்டும். பணத்தைக் கம்பெனிக் கணக்குக்குக் கட்டுங்கள். தனி ஆளின் கணக்கு எண்ணை அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏமாந்தே போய்விட்டீர்கள் என்றால் தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நீங்களே மனுப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். ரசீதும் கொட்டேஷனும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் உங்கள் சாட்சி, ஒன்றையும் அழிக்காதீர்கள். பலகை வந்து இறங்கும் அன்றே, ஒரு திருகு முடுக்குமுன், ஒவ்வொரு பலகையின் வெட்டிய ஓரத்தையும் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். பொருத்திய பிறகு அந்த ஓரம் யார் கண்ணுக்கும் தெரியாது.